பட்டாளத்துப் பாதிரியாராகப் புறப்பட்டேன்: மூன்று வருடமும் ஒன்றரை லட்சமும்

எங்கள் சேகரத்துக் (ஒரு குருவானவர் கவனிக்கும் சபைகளின் தொகுப்பு) கிராமம் ஒன்றுக்கு ஒரு ஹவில்தாரின் உடல் வந்த நாளில்தான் இது தொடங்கியது. நான் குருப்பட்டம் பெற்று அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. அடக்க ஆராதனையை நான்தான் நடத்த வேண்டும். உடலோடு வந்த வீரர்களுடன் ஒரு பாதிரியாரும் வந்திருந்தார். பட்டாள உடுப்பு, தோளில் நாயப் சுபேதாருக்குரிய ஒற்றை நட்சத்திரம். வடகிழக்குக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆராதனை முழுவதையும் என்னிடமே விட்டுவிட்டு ஓரமாக நின்றார். கல்லறைத் தோட்டத்தில் மரியாதைக் குண்டு போடத் துப்பாக்கிகள் உயர்ந்த நேரத்தில் மட்டும் அவர் நகர்ந்தார். இறந்தவருடைய மகள், நாலு வயசு இருக்கும், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் போய் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதுகளைப் பொத்தினார். மூன்று முறை வெடித்தது. மரத்துக் காக்கையெல்லாம் கலைந்து பறந்தது. பெரியவர்களே திடுக்கிட்டார்கள். அந்தப் பிள்ளை அண்ணாந்து காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெள்ளை அங்கியோடு, ஜெபப் புத்தகத்தைப் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று ராத்திரி, சபை கொடுத்த வீடான குருமனைக்கு வந்து என் மனைவியிடம், "நானும் அந்த வேலைக்குப் போகணும்" என்று சொன்னேன். அவள், "சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்றாள். அந்தப் பேச்சு மூன்று வருடம் நீடித்தது. அந்த மூன்று வருடத்தில் என்ன நடந்தது, எவ்வளவு போனது, எதை எனக்கு ஒருவர்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். தென்னிந்தியத் திருச்சபையில் குருவானவராக இருந்துகொண்டு பட்டாளத்துக்குப் போக நினைக்கிற தம்பிமார் இருப்பீர்கள். எனக்கு விசாரிக்க ஆள் இல்லை. இந்தப் பாதையில் போய்வந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டை. ஊழியம் செய்வது வேறொரு திருமண்டலத்தில், அதாவது வேறொரு பேராயரின் எல்லைக்குள், அதன் பெயர் இங்கே வேண்டாம். பாளையங்கோட்டைக்காரனுக்குப் பட்டாளத்துப் பாதிரியார் என்பது அந்நியமான விஷயம் இல்லை. 1816ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குருவானவராக அங்கே வந்தவர் ஜேம்ஸ் ஹஃப். படையினருக்கு ஆராதனை நடத்துவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவரோ சுற்றுவட்டாரத்தில் கவனிப்பாரில்லாமல் சிதறிக் கிடந்த சின்னச் சின்னத் தமிழ்ச் சபைகளைத் தேடிப் போனார், பள்ளிக்கூடம் தொடங்கினார், மிஷனரிகளை அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார். 1820ல் ரேனியஸ் ஐயர் வந்தது அதனால்தான். அதற்கு முன்னால், திருச்சியில் கம்பெனிப் படைக்கும் குருவாக இருந்தவர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். ஞாயிறு பள்ளியில் இந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். இறையியல் கல்லூரிக்குப் போனபோது நூலகத்தில் இங்கிலாந்துப் படைக் குருமார்களைப் பற்றிய புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தேன். தியோடோர் பெய்லி ஹார்டி என்றொரு கிராமத்துக் குருவானவர். முதல் உலகப் போரில் படைக்குப் போகக் கேட்டபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று சேர்க்க மறுத்தார்கள். விடாமல் கேட்டு 1916ல்தான் உள்ளே போனார். போர்முனையில் காயம்பட்டுக் கிடந்தவர்களை விட்டு நகராமல் இருந்ததற்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினார். 1918 அக்டோபரில், போர் முடிய மூன்றே வாரம் இருக்கும்போது, காயத்தால் இறந்தார். ஆயுதம் இல்லாமல் ஆயுதத்தின் நடுவே போய் இருப்பது என்ற அந்த எண்ணம் என்னை விடவே இல்லை.

ஆனால் அந்தப் புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு நம் நாட்டு நிலையைக் கணக்குப் போட்டதுதான் என் முதல் தவறு. பிரிட்டிஷ் தரைப்படையில் குருவானவர் கேப்டனுக்குச் சமமான தகுதியோடு உள்ளே போகிறார். அவர்களுக்கென்று 1796லிருந்து தனித் துறையே இருக்கிறது. இந்தியாவிலும் பிரிட்டிஷ் காலத்தில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருமார்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. சுதந்திரத்தோடு அந்தக் காலம் முடிந்தது. 1947 செப்டம்பர் 27ல் ஆங்கிலிக்கன் சபையும் வேறு சில சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நாம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்றைய இந்தியத் தரைப்படையில் பண்டிட், சீக்கியரின் கிரந்தி, மௌல்வி, பௌத்த பிக்கு, பாதிரியார் எல்லாருக்கும் ஒரே பெயர், ரிலிஜியஸ் டீச்சர். சேர்வது நாயப் சுபேதாராக, அதாவது ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்) வரிசையில். அதிகாரி அல்ல. இதை நான் விண்ணப்ப அறிவிப்பைப் படித்த அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்குள் மாமனார் சொந்தக்காரர் எல்லாரிடமும் "மருமகன் கேப்டன் ஆகப்போறார்" என்று சொல்லிவிட்டார். விஷயத்தைத் திருத்திச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போது யோசித்தால், அந்த ஜே.சி.ஓ. தகுதிதான் இந்த வேலைக்குச் சரியானது என்று தோன்றுகிறது. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் நடுவில் நிற்கிறவர்தான் ஜே.சி.ஓ. சிப்பாய் அவரிடம் வாய் திறந்து பேசுவான். சம்பளமும் குறைவு இல்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி நாயப் சுபேதாருக்கு அடிப்படைச் சம்பளமே 35,400 ரூபாயில் தொடங்குகிறது, ராணுவச் சேவை ஊதியம் 5,200, மற்றப் படிகள் தனி. அப்போது நான் திருமண்டலத்தில் வாங்கியது 18,500. பணத்துக்காகப் போகவில்லை என்று மனைவியிடம் பலமுறை சொன்னேன். ஆனாலும் அந்த எண்ணிக்கையை நானும் பலமுறை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. போகிறவர்கள் தகுதி, சம்பளம் இரண்டையும் முதலிலேயே தெளிவாக வீட்டில் சொல்லிவிடுங்கள். அறிவிப்பில் எல்லாமே இருக்கிறது. அதை முழுவதும் படிக்காமல் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம்.

அடுத்தது, எழுதவே கூச்சமாக இருக்கிற பகுதி. நான் ஒரு புரோக்கருக்குப் பணம் கொடுத்தேன். தெரிந்த ஒருவர் மூலமாக வந்த ஆள். "பாதிரியாருக்குப் போட்டியே கிடையாது ஐயரே, உள்ளே நமக்கு ஆள் இருக்கு, ஃபைல் மேல போகணும்னா கொஞ்சம் செலவாகும்" என்றார். மனைவியின் செயினை அடகு வைத்து 45,000 ரூபாய் இரண்டு தவணையாகக் கொடுத்தேன். அவர் செய்ததெல்லாம் ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததுதான், அதை நானே அரை மணி நேரத்தில் செய்திருக்கலாம். ஆள்சேர்ப்பு இலவசம், தரகர்களை நம்ப வேண்டாம் என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருந்தது. நானும் அதைப் படித்தேன், படித்த பிறகும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்தின் முன்னால் நின்று பாவ அறிக்கை சொல்ல வைக்கிறவன், வெள்ளிக்கிழமை லஞ்சத்துக்குப் பணம் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அந்த வாரம் திருவிருந்து கொடுக்கும்போது கை நடுங்கியது. மனைவியிடம் உண்மையைச் சொல்ல ஐந்து மாதம் ஆனது. பணம் திரும்பி வரவில்லை. "போட்டி இல்லை" என்று அவர் சொன்னதும் பொய். நான் முதலில் போட்ட அறிவிப்பில் மொத்தம் 152 இடம், அதில் பாதிரியாருக்கு 4. அடுத்ததில் 194 இடம் இருந்தும் பாதிரியாருக்கு 2தான். நாட்டில் உள்ள கத்தோலிக்கர், பாப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், நம்மவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த இரண்டு நாற்காலிக்குத்தான் நிற்கிறோம். இந்த எண்ணிக்கையை முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றினால் மட்டும் மேற்கொண்டு போங்கள்.

முதல் முயற்சி காகிதத்திலேயே முடிந்துபோனது. பாதிரியாருக்குக் கேட்கிற தகுதி சுருக்கமானது: ஏதாவது ஒரு பட்டம், தகுந்த திருச்சபை அதிகாரத்திடம் குருப்பட்டம், அதோடு அந்தப் பகுதிப் பேராயரின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இன்னமும் பெயர் இருக்க வேண்டும். நான் போட்டபோது வயது வரம்பு 25 முதல் 34. என்னிடம் பி.ஏ.வும் இருந்தது, செராம்பூரின் இறையியல் பட்டமான பி.டி.யும் இருந்தது. குருப்பட்டச் சான்றிதழ் இருந்தது. பேராயரிடம் கடிதம் கேட்டு அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்து, கடைசி நேரத்தில் ஒரு கடிதம் வாங்கினேன். "இவர் நமது திருமண்டலத்தின் குருவானவர், இன்ன ஆண்டு பட்டம் பெற்றார், நல்லொழுக்கம் உடையவர்" என்று இருந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. சரிபார்க்கும் மேசையில் இருந்தவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இன்றைய தேதியில் பட்டியலில் இருக்கிறார் என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். குரலில் கடுமை இல்லை. அடுத்து குருப்பட்டச் சான்றிதழையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் என் ஞானஸ்நானப் பெயர் முழுசாக. மற்றதில் இனிஷியலோடு பள்ளிக்கூடப் பெயர். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க ரயிலில் போனது அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத்தான். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. போன் செய்து யாரிடம் சொல்வது என்று யோசித்தேன், ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. நான் போயிருப்பதே எங்கள் குருமார்களில் யாருக்கும் தெரியாது.

நம் சபைகளில் இந்தப் பெயர்ச் சிக்கல் நிறையப் பேருக்கு இருக்கிறது. வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் சுருக்கிய ஒரு பெயர், குருப்பட்டம் பெறும்போது முன்னால் சேர்ந்த "ரெவரெண்ட்". ஆராதனைப் பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அரசாங்க மேசையில் அப்படி இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். மற்ற எல்லாக் காகிதத்தையும் அதோடு ஒத்துப்போகும்படி முன்கூட்டியே மாற்றி வையுங்கள். நான் அரசிதழில் பெயரை வெளியிட்டு, குருப்பட்டப் பதிவேட்டைக் காட்டித் திருமண்டலத்திலிருந்து ஒரு சான்றும் வாங்கினேன். எல்லாம் சேர்ந்து எட்டு மாதம். பேராயரின் கடிதத்தைப் பொறுத்தவரை, அறிவிப்பில் உள்ள வாசகத்தை அப்படியே எழுதி மாதிரிக் கடிதம் ஒன்றை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் பட்டாளம் என்ன கேட்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தேதி சமீபத்தியதாக இருக்கட்டும். பி.டி. பட்டம் மட்டும் வைத்திருப்பவர்கள், அது பட்டப்படிப்பாக எடுத்துக்கொள்ளப்படுமா என்பதை ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த "இன்னமும் பட்டியலில்" என்ற வார்த்தையை முதலில் வெறும் அலுவலக வாசகமாகத்தான் எடுத்துக்கொண்டேன். யோசிக்க யோசிக்க, முழு விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது என்று புரிந்தது. பட்டாளம் குருவானவரை உருவாக்குவதில்லை. சபை உருவாக்கி, சபை தாங்கிப் பிடித்திருக்கிற ஒருவரைத்தான் அது வாங்கிக்கொள்கிறது. நானோ பேராயரிடம் போய் என் மனதிலிருந்ததைச் சொல்லவே இல்லை. "விண்ணப்பத்துக்குக் கடிதம் வேணும்" என்று மட்டும் அலுவலகத்தில் கேட்டேன். போகப்போகிறேன் என்று தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். அதனால் முக்கியமான கேள்விகள் எதையும் கேட்கவில்லை. தேர்வாகிவிட்டால் என் பணிமூப்பு என்ன ஆகும்? ஓய்வூதிய நிதியில் கட்டியது என்ன ஆகும்? விடுப்பில் போகிறேனா, ராஜினாமாவா? திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்வார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, குருமனை. நான் பயிற்சிக்குப் போன மறுநாள் புதிய குருவானவர் வருவார், வீட்டைக் காலி செய்ய வேண்டும். பயிற்சிக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. மனைவி, இரண்டு பிள்ளைகள், பாதிப் படிப்பில் பள்ளிக்கூடம். இதை மனைவிதான் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க போயிடுவீங்க. நாங்க எங்க இருப்போம்?" என்னிடம் பதில் இல்லை. அவளுடைய அம்மா வீட்டு மாடியைக் கேட்டு வைத்த பிறகுதான் இரண்டாம் விண்ணப்பம் போட்டேன். இந்த முறை பேராயரை நேரில் பார்த்து எல்லாம் சொன்னேன். அவர் அரை மணி நேரம் கேட்டார், ஜெபித்தார், கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஏழு தடவை நடந்த இடத்தில் ஒரே தடவையில் முடிந்தது.

நடுவில் கொரோனா வந்து ஒரு வருடத்தைக் கொண்டுபோனது. அந்த வருடம் நான் வீணாக்காத ஒரே காரியம் ஓட்டம். 1,600 மீட்டரை 8 நிமிடத்தில் ஓட வேண்டும், உயரம் 160 சென்டிமீட்டர், மார்பு 77, எடை 50 கிலோ. அளவுகளில் பிரச்சினை இல்லை. ஆனால் சேகரத்து ஊழியம் உடம்பை என்ன செய்யும் என்று குருமார்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு காபி, பலகாரம், அசன விருந்து, பைக்கிலேயே எல்லா ஊருக்கும் போவது. எங்கள் பள்ளி மைதானம் சுற்றுக்கு 200 மீட்டர், ஆக எட்டுச் சுற்று, சுற்றுக்கு ஒரு நிமிடம். முதல் நாள் மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து 10 நிமிடம் 20 வினாடி. அதற்கப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. என்ன செய்தும் குறையவில்லை. பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "தினமும் ஒரே மாதிரி ஓடுறீங்க ஐயா. ஒரு நாள் மெதுவா நாலு கிலோமீட்டர் ஓடுங்க, மறுநாள் ஒரு சுற்று வேகமா, ஒரு சுற்று நடை, இப்படி மாத்திப் போடுங்க" என்றார். நாலு மாதத்தில் 7 நிமிடம் 48 வந்தது. முப்பதைத் தாண்டியவர்கள் குறைந்தது ஆறு மாதம் ஒதுக்குங்கள், ஓடத் தெரிந்தவர் ஒருவரை முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாலை ஓட்டத்துக்குச் சபையார் என்ன நினைப்பார்களோ என்று முதலில் தயங்கினேன். கொஞ்ச நாளில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் நாலு பேர் கூடவே ஓட ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் முறை காகிதம் எல்லாம் சரி. ஓட்டத்தில் தேறினேன். மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தினார்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறது, செவிப்பறை தெரியவில்லை, மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது. தற்காலிகத் தகுதியின்மை. மறுபரிசோதனைக்கு ராணுவ மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். காது அழுக்கை எடுக்க உள்ளூர் டாக்டரிடம் 300 ரூபாய் ஆனது. மூக்குக்கு அவசர அவசரமாக ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, 58,000 ரூபாய். மூக்கில் பஞ்சு அடைத்தபடி வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்த அந்த இரண்டு ராத்திரியும், உண்மையிலேயே இது தேவன் அழைத்த அழைப்பா, என் பிடிவாதமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் கிடைத்ததாகச் சொல்ல மாட்டேன். மறுபரிசோதனையில் தேறினேன். விண்ணப்பிப்பதற்கு முன்பே காது மூக்கு தொண்டை டாக்டர், பல் டாக்டர், கண் டாக்டர் மூவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதே சிகிச்சையை ஆறு மாதம் முன்னால் நிதானமாகச் செய்திருந்தால் காப்பீட்டில் கொஞ்சமாவது கிடைத்திருக்கும். அவசரத்தில் கையில் இருந்ததைக் கட்டிவிட்டு வந்தேன்.

எழுத்துத் தேர்வு பெரிய மலை இல்லை. நான் எழுதியபோது இரண்டு தாள். ஒன்று பொது அறிவு, மற்றது அவரவர் மதம் சார்ந்தது. ஒவ்வொன்றிலும் 50 கேள்வி, 100 மதிப்பெண், தப்பாகப் போட்டால் அரை மதிப்பெண் போகும், 40 எடுத்தால் தேர்ச்சி. இரண்டாம் தாளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேதாகமம் நமக்குத் தமிழில் மனப்பாடமாக இருக்கும், எனக்குக் கேள்வி தமிழில் வரவில்லை. தெரிந்த வசனமே ஒரு நிமிடம் அந்நியமாகத் தெரிந்தது.

நேர்முகத்தில் இருந்தது பத்துப் பதினைந்து நிமிடம். முதல் கேள்வி: "உங்கள் யூனிட்டில் ஒரு கத்தோலிக்க ஜவான் திருப்பலி வேண்டும் என்கிறான். என்ன செய்வீர்கள்?" பக்கத்துப் பங்குத்தந்தையிடம் பேசி ஏற்பாடு செய்வேன், அவர் வரும்வரை கூட உட்கார்ந்து ஜெபிப்பேன் என்றேன். தலையாட்டினார்கள். ஒரு யூனிட்டின் பொது வழிபாட்டு இடமான சர்வ தர்ம ஸ்தலத்தில் எல்லா மதத்தவரும் சேர்ந்து நிற்கும்போது எப்படி நடந்துகொள்வீர்கள் என்று கேட்டார்கள். அதற்கும் ஓரளவு சொன்னேன். கடைசியாக ஒருவர், "மருத்துவமனையில் இருக்கிறான், கால் போய்விட்டது, இருபத்திரண்டு வயது. அவன் கட்டில் பக்கத்தில் நிற்கிறீர்கள். இப்போது ஜெபியுங்கள், இந்தியில்" என்றார். நான் ஒரு வருடமாக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இந்தி படித்திருந்தேன். கடைக்குப் போவது, ரயில் நேரம் கேட்பது எல்லாம் பேசுவேன். ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை. "ஹே பிரபு" என்று ஆரம்பித்தேன். அப்புறம் அந்தப் பையன் மட்டும்தான் கண்ணுக்கு முன்னால் தெரிந்தான், தமிழ்தான் வாயில் வந்து முட்டியது. மூன்று வாக்கியம் சொல்லி, ஆமென் என்று நிறுத்திக்கொண்டேன். யாரும் குறை சொல்லவில்லை. வெளியே வந்து நின்றபோது எனக்கே தெரிந்துவிட்டது.

இறுதிப் பட்டியலில் என் எண் இல்லை. எந்த மதிப்பெண்ணில் போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இந்தியில் ஜெபிக்கப் பழகுங்கள் என்பதுதான். பேசப் பழகுவது வேறு, ஜெபிக்கப் பழகுவது வேறு. இந்தி வேதாகமத்தில் சங்கீதங்களை உரக்க வாசியுங்கள். நோயாளிக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று, தூரத்தில் இருக்கிற குடும்பத்துக்காக ஒன்று என்று நாலைந்து ஜெபத்தை நீங்களே எழுதி, வாய்க்குப் பழகும்வரை சொல்லுங்கள். பட்டாளத்துப் பாதிரியாரின் வேலைப் பட்டியலே அப்படித்தான் இருக்கிறது: அடக்கம் நடத்துவது, மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பது, குணமாகி வருகிறவர்களோடு ஜெபம் வாசிப்பது, தண்டனையில் இருக்கிற சிப்பாயைப் போய்ப் பார்ப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஞாயிறு பிரசங்கம் இதில் சின்னப் பங்கு. நான் தயாரித்ததோ பிரசங்கத்தைத்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புரோக்கர் 45,000. அறுவை சிகிச்சை 58,000. பயணம், தங்குதல் 19,000. சம்பளமில்லா விடுப்பு இரண்டு மாதம், 37,000. ஷூ, போட்டோ, அரசிதழ், அட்டெஸ்ட் என்று சில்லறை தனி. மனைவியின் செயினை மீட்க இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு வயது கடந்துவிட்டது. பட்டியல் வந்த அன்று நான் எங்கும் போகவில்லை, யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் மனைவி குருமனை வாசலில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பையன்கள் நாளைக்குக் காலைல ஓட வருவாங்களாம், கேட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் இருக்கிற முன்னாள் ராணுவத்தினர் வீடுகளுக்கு மாதம் ஒரு தடவை போக ஆரம்பித்தேன். முன்பு அவர்களும் நன்கொடைப் பட்டியலில் ஒரு வரியாகத்தான் எனக்குத் தெரிந்தார்கள். சியாச்சினில் விரல் இழந்த ஒருவர், நான் ஓடியதையும் விழுந்ததையும் சிரிக்காமல் கேட்டுவிட்டு, அவருடைய யூனிட்டில் இருந்த பண்டிட்ஜி எப்படி ராத்திரியெல்லாம் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார். இவர் கிறிஸ்தவர், பண்டிட்ஜி இந்து. அதைப் பற்றி இருவரும் அன்று யோசிக்கவே இல்லை என்றார்.

போன வருடம் குருப்பட்டம் பெற்ற ஒரு தம்பி பக்கத்துச் சேகரத்துக்கு வந்திருக்கிறார், இருபத்தெட்டு வயசு. அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். அவருக்கும் இதே ஆசை. நான் சேர்த்து வைத்திருந்த ஃபைலை அப்படியே கொடுத்துவிட்டேன். பெயரெல்லாம் ஒத்துப்போகிறதா என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு இடத்தில் இனிஷியல் மாறியிருந்தது, மனு போட்டாகிவிட்டது. காது மூக்கு டாக்டரைப் பார்த்துவிட்டார். செவ்வாய், வியாழன் ராத்திரி போனில் எனக்கு இந்தியில் ஜெபித்துக் காட்டுகிறார், என்னைவிட நன்றாக வருகிறது. நேற்றுக் காலை ஓட்டத்தில் 7 நிமிடம் 41. பேராயரின் கடிதம் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.